மைக்கேல் ஸ்காட் விடைபெற்ற விதம்: 'தி ஆபீஸ்' ஏழாவது சீசன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரை இப்போது புதிதாகப் பார்ப்பவர்களும், மூன்றாம் முறை பார்ப்பவர்களும் ஏழாவது சீசனுக்கு வந்ததும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை. கதை முழுவதும் வெளிப்படையாகப் பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் எபிசோடு பட்டியல் உள்ள மூன்றாவது கேள்வியை மட்டும் படித்துவிட்டுத் தொடருக்குப் போய்விடலாம்.

யார், எப்போது, எந்த எபிசோடில் விலகினார்?

பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ராண்டன் நகரில் டண்டர் மிஃப்லின் என்ற கற்பனைக் காகித நிறுவனத்தின் கிளை. அதன் மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கரெல் நடித்தார். அமெரிக்கத் தொலைக்காட்சிச் சேனலான என்.பி.சி.யில் 2005 மார்ச் 24 அன்று தொடங்கிய தொடர் 2013 மே 16 அன்று முடிந்தது. ஒன்பது சீசன்கள், ஒரு மணி நேர எபிசோடுகளை இரண்டாகக் கணக்கிட்டால் 201 எபிசோடுகள். கரெல் முதல் ஏழு சீசன்களில் இருந்தார். அவர் விடைபெறும் 'குட்பை, மைக்கேல்' 2011 ஏப்ரல் 28 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் தொடரை அமெரிக்காவுக்காக உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ். இயக்கியவர் பால் ஃபீக். வழக்கமான அரை மணி நேரத்துக்குப் பதிலாக 50 நிமிட இடம் ஒதுக்கப்பட்டது. அன்றிரவு சுமார் 84 லட்சம் பேர் பார்த்தார்கள்.

கரெல் ஏன் விலகினார்? விலகினாரா, விலக்கப்பட்டாரா?

அவருடைய ஒப்பந்தம் ஏழாவது சீசனோடு முடிந்தது. 2010 வசந்த காலத்தில் ஒரு பி.பி.சி. வானொலிப் பேட்டியில், அடுத்த சீசன்தான் தனக்குக் கடைசியாக இருக்கும் என்று போகிறபோக்கில் சொன்னார். சில வாரங்களில் அது உறுதியானது. குடும்பத்தோடு நேரம் செலவிட வேண்டும் என்பதுதான் அவர் அப்போது வெளியில் சொன்ன காரணம். திரைப்பட வாய்ப்புகளும் கையில் இருந்தன.

2020-ல் இந்தத் தொடரைப் பற்றி வந்த ஒரு வாய்மொழி வரலாற்று நூல் வேறு ஒரு பக்கத்தைக் காட்டியது. ஒலிப்பதிவு, சிகையலங்காரம், நடிகர் தேர்வு எனப் பல துறைகளில் வேலை பார்த்தவர்கள் அதில் பேசுகிறார்கள். கரெல் இன்னும் ஓரிரு ஆண்டுகள் இருக்கத் தயாராக இருந்தார், சேனல் தரப்பிலிருந்து உரிய நேரத்தில் யாரும் வந்து பேசவில்லை என்பது அவர்களுடைய கூற்று. அந்தக் காலகட்டத்தில் என்.பி.சி.யின் நிர்வாகம் மாறிக்கொண்டிருந்தது. காம்காஸ்ட் நிறுவனம் 2011 ஜனவரியில் அதைக் கையகப்படுத்தியது. மேலிடம் மாறும்போது நடுவில் இருப்பவர்களின் கோப்புகள் தூங்குவது எந்த அலுவலகத்துக்கும் புதிதல்ல. டண்டர் மிஃப்லினுக்கே ஆறாவது சீசனில் அதுதான் நடந்தது.

எழுத்தாளர்களுக்கு இதில் ஒரு நன்மை இருந்தது. நாயகன் போகப்போகிறார் என்பது சீசன் தொடங்கும் முன்பே தெரிந்துவிட்டது. விடைபெறும் காட்சிகளின் தரத்துக்கு அந்த அவகாசம் ஒரு முக்கியக் காரணம்.

விடைபெறும் கதை எங்கே தொடங்குகிறது? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

'குட்பை, மைக்கேல்' எபிசோடை மட்டும் தனியாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். நேரம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

பழைய சீசன்களிலிருந்து ஐந்து போதும். 'தி டண்டீஸ்' (2005), ஊழியர்களுக்கு மைக்கேல் தானே நடத்தும் அசட்டு விருது விழா. 'தி கிளையன்ட்' (2005), அவர் உண்மையில் கெட்டிக்கார விற்பனையாளர் என்று முதல்முறையாகத் தெரியும் இடம். 'பிசினஸ் ஸ்கூல்' (2007), அலுவலக வரவேற்பாளர் பாமின் ஓவியக் காட்சிக்கு வேறு யாரும் சரியாக மதிப்புக் கொடுக்காதபோது அவர் வந்து நிற்கும் எபிசோடு. 'குட்பை, டோபி' (2008), மைக்கேல் காதலிக்கப்போகும் மனிதவளப் பிரிவு ஊழியர் ஹாலி ஃப்ளாக்ஸ் அறிமுகம். 'எம்ப்ளாயி டிரான்ஸ்ஃபர்' (2008), அந்த ஹாலி நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள நாஷுவா கிளைக்கு அனுப்பப்படுவது.

பிறகு ஏழாவது சீசன்: 'கிளாசி கிறிஸ்மஸ்' (2010 டிசம்பர் 9), 'தி சர்ச்' (2011 பிப்ரவரி 3), 'த்ரெட் லெவல் மிட்நைட்' (பிப்ரவரி 17), 'கராஜ் சேல்' (மார்ச் 24), 'டிரெய்னிங் டே' (ஏப்ரல் 14), 'மைக்கேல்ஸ் லாஸ்ட் டண்டீஸ்' (ஏப்ரல் 21), கடைசியாக 'குட்பை, மைக்கேல்'.

சாதாரண எபிசோடு ஒன்று விளம்பரம் நீங்கலாகச் சுமார் 22 நிமிடம். இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம். இடையிலுள்ளவற்றைத் தாவினாலும் கதை புரியும். ஆனால் 'கராஜ் சேல்' எபிசோடைத் தாவிவிடாதீர்கள்.

ஹாலியைத் திரும்பக் கொண்டுவந்தது வெறும் காதல் கதைக்காகவா?

இல்லை. மைக்கேல் அந்த அலுவலகத்தைவிட்டுத் தானாகப் போக ஒரு காரணம் வேண்டும். மைக்கேலைப் போன்ற ஒருவர் எளிதில் வேலையை விடமாட்டார். அவருக்கு வீடும் சொந்தமும் ரசிகர் மன்றமும் அந்த அலுவலகம்தான். அவரைப் பணிநீக்கம் செய்தால் கதை சோகமாகிவிடும். தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்த்தினால் யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய ஆசை வேறு எங்காவது நிறைவேற வேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி.

மைக்கேலின் ஆசை முதல் சீசனிலிருந்தே ஒன்றுதான்: யாராவது தன்னை விரும்ப வேண்டும், குடும்பம் வேண்டும். அது கிடைக்காததால்தான் ஊழியர்களைக் குடும்பமாக்கப் பார்த்தார். அலுவலகத்தைப் படமெடுக்கும் ஆவணப்படக் குழுவின் கேமராவைப் பார்வையாளராக்கிக்கொண்டார். நகைச்சுவை பிறந்ததெல்லாம் அந்தப் பசியிலிருந்துதான். ஹாலி அந்தப் பசியைத் தீர்க்கக்கூடிய ஒரே ஆள். ஏனென்றால் ஏமி ரயன் நடித்த அந்தப் பாத்திரம் மைக்கேலின் அசட்டுக் குரல்களுக்கு அதே அசட்டுக் குரலில் பதில் சொல்லும்.

கதையின் சக்கரங்கள் எப்படிச் சுழல்கின்றன என்று பாருங்கள். மனிதவளப் பிரிவின் டோபி, 'ஸ்க்ராண்டன் ஸ்ட்ராங்ளர்' கொலை வழக்கின் ஜூரியாகப் போகிறார். அவருடைய இடத்துக்குத் தற்காலிகமாக ஹாலி வருகிறார். அவருக்கு ஏற்கெனவே ஒரு காதலன். அந்த உறவு முறிகிறது. 'தி சர்ச்' எபிசோடில் கைப்பேசியும் பணமும் இல்லாமல் தெருவில் அலையும் மைக்கேலை, அவரைப் போலவே யோசித்துத் தேடிக் கண்டுபிடிக்கிறார் ஹாலி. பிறகு ஹாலியின் பெற்றோருக்கு வயதாகிவிட்டது, அவர்கள் கொலராடோவில் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மைக்கேல் தானும் கிளம்ப முடிவு செய்கிறார். டோபி என்றால் மைக்கேலுக்கு ஆகாது என்பது தொடரின் நீண்ட நகைச்சுவை. அந்த டோபியின் விடுப்புதான் அவருக்கு வாழ்க்கையையே கொடுத்தது என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதுதான் அழகு.

'த்ரெட் லெவல் மிட்நைட்' எதற்கு? அது விளையாட்டு எபிசோடு இல்லையா?

மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். மைக்கேல் பல ஆண்டுகள் எழுதி, எடுத்து, தொகுத்த உளவாளிப் படத்தை அலுவலகத்தில் திரையிடுகிறார். பழைய பாத்திரங்களான ஜேன், கேரன், ராய் எல்லாம் அந்தப் படத்துக்குள் வந்துபோகிறார்கள். விடைபெறும் ஆண்டில் பழைய நடிகர்களை மீண்டும் காட்டுவதற்கு இதைவிட மலிவான, சாமர்த்தியமான வழி கிடையாது.

ஆனால் எபிசோடின் உண்மையான வேலை வேறு. படம் நன்றாக இல்லை என்று ஹாலி நேர்மையாகச் சொல்கிறார். மைக்கேல் முதலில் கோபப்படுகிறார். பிறகு மற்றவர்களோடு உட்கார்ந்து தன் படத்தைப் பார்த்துத் தானும் சிரிக்கிறார். ஆறு சீசன்களாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரியாத மனிதர் அவர். இது நடந்த பிறகுதான் அவரை வேறு ஊருக்கு அனுப்ப முடியும்.

'கராஜ் சேல்' ஏன் முக்கியம்?

ஹாலியிடம் மைக்கேல் திருமணம் பேசும் எபிசோடு இது. இயக்கியவர் கரெலே. முதலில் அவர் போட்ட திட்டம், வாகன நிறுத்துமிடத்தில் பெட்ரோலால் எழுதித் தீவைப்பது. பாம் தடுத்துவிடுகிறார். கடைசியில் அலுவலகத்துக்குள்ளேயே நடக்கிறது: இருபுறமும் ஊழியர்கள் மெழுகுவத்தியோடு நிற்க, ஹாலியை நடத்திக்கொண்டு போகிறார். அவருடைய மேசையைச் சுற்றியும் மெழுகுவத்திகள். சூடேறியதும் கூரையிலுள்ள தீயணைப்புத் தெளிப்பான்கள் திறந்து எல்லோரும் நனைகிறார்கள்.

அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் காட்சி திகட்டியிருக்கும். உருக்கமான ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது ஒன்று உடைவது, நனைவது, தவறுவது இந்தத் தொடரின் பழக்கம். அந்தக் கையோடு தாங்கள் கொலராடோவுக்குப் போகப்போவதாக மைக்கேல் அறிவிக்கிறார். ஊழியர்களின் முகங்கள் ஒரு நொடியில் மாறுவதைக் கவனியுங்கள்.

கடைசி டண்டீஸ் விழாவில் வரும் பாட்டிலுள்ள எண் என்ன கணக்கு?

'ரென்ட்' இசை நாடகத்தின் பிரபலமான பாடல் மெட்டில் ஊழியர்கள் மைக்கேலுக்காக வேறு வரிகளைப் பாடுகிறார்கள். அதில் வரும் எண் 99 லட்சத்து 86 ஆயிரம் நிமிடங்கள். ஓராண்டுக்கு 5,25,600 நிமிடங்கள். வகுத்தால் 19 ஆண்டுகள், மைக்கேல் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த காலம். எபிசோடை எழுதி இயக்கியவர், கெல்லியாக நடித்த மிண்டி கேலிங். உணவகத்தில் நடந்த விழா கலைக்கப்பட்டு எல்லோரும் அலுவலகத்துக்கே திரும்பிய பிறகுதான் இந்தப் பாட்டு. பாத்திரம் பாத்திரத்திடம் விடைபெறுவதைவிட, நடிகர்கள் நடிகரிடம் விடைபெறுவது அதிகமாகத் தெரியும் இடம் இது.

'குட்பை, மைக்கேல்' எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

ஒரு பொய்யின் மேல். எல்லோரும் நாளைதான் மைக்கேலின் கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேக், விருந்து எல்லாம் நாளைக்கு. உண்மையில் இன்று மாலையே அவருக்கு விமானம். இது நமக்கும் கேமராவுக்கும் மட்டும் தெரியும்.

இந்த ஒரு முடிவு மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, பெரிய கூட்டக் காட்சியைத் தவிர்க்கிறது. எல்லோரும் வட்டமாக நின்று அழும் காட்சி முந்தைய வாரமே பாட்டோடு முடிந்துவிட்டது. மறுபடி செய்தால் அலுத்துவிடும். இரண்டாவது, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விடைபெறக் காரணம் கிடைக்கிறது. மைக்கேல் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு மேசை மேசையாகப் போகிறார். எதிரில் இருப்பவருக்கு இது விடைபெறுதல் என்று தெரியாது என்பதால் அவர் சாதாரணமாகவே பேசுகிறார். அழவேண்டியவர் அழுவதில்லை, நாம் அழுகிறோம். மூன்றாவது, கடிகாரம். பாம் வேலைச் சாக்கில் வெளியே போய்ப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறார். டாக்ஸி வரும் நேரம் நெருங்குகிறது.

இதில் மைக்கேலின் குணமாற்றமும் இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக எதற்கெடுத்தாலும் கூட்டம் கூட்டி எல்லோர் கவனத்தையும் கேட்டவர், தன் கடைசி நாளில் கூட்டம் வேண்டாம் என்கிறார்.

யாருக்கு என்ன கொடுத்தார்?

எல்லாப் பரிசும் அந்தந்த உறவின் அளவுக்கு வெட்டித் தைத்தது. ஃபில்லிஸுக்குச் சாவி கொடுத்தால் கடகடக்கும் பொம்மைப் பல், இன்னும் சத்தமாகப் பேசு என்பதற்காக. ஆண்டிக்குத் தன் முக்கிய வாடிக்கையாளர்கள். இந்தப் பரிசு உடனே நெருக்கடியாகவும் மாறுகிறது, ஆண்டி விற்பனையில் தடுமாறுபவர். கெவினுக்கு அவரைப் பன்றியாக வரைந்த கேலிச்சித்திரம் ஒன்று. அதைக் காட்டிவிட்டு, நீ இப்படி ஆகவேண்டியதில்லை என்கிற பொருளில் கிழித்துப்போடுகிறார்.

ஆஸ்கருக்குக் கோணல்மாணலாகத் தைத்த ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. தானே செய்ததாகச் சொல்லி நீட்டுகிறார். ஆஸ்கர் பணிவோடு வாங்கிக்கொள்கிறார். பிறகு மைக்கேல் கேமராவிடம் விழுந்து விழுந்து சிரிக்கிறார்: இதுதான் என்னால் முடியும் என்று ஆஸ்கர் நம்பிவிட்டாரே! ஊழியர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும் என்று காட்டும் அரிய இடம். முதல் சீசன் மைக்கேலால் இந்தச் சிரிப்பைச் சிரித்திருக்க முடியாது.

டுவைட் விஷயம் தனி. மைக்கேலின் விசுவாசியான விற்பனையாளர் அவர், மேனேஜர் பதவிக்கு மைக்கேல் தன்னைப் பரிந்துரைக்கவில்லை என்ற காயம் அவருக்கு. மைக்கேல் கொடுப்பது ஒரு பரிந்துரைக் கடிதம். டுவைட் அதைப் படிக்கும்போது நகைச்சுவை கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொள்கிறது. உடனே இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் பெயின்ட் துப்பாக்கிச் சண்டை போடுகிறார்கள். டுவைட்டை அணைத்து அழவைத்திருந்தால் தப்பாகியிருக்கும். இவர்கள் இருவருக்கும் அன்பு என்றால் விளையாட்டுச் சண்டைதான்.

ஜிம்முக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

ஏழு ஆண்டுகளாக மைக்கேலைக் கவனித்ததுதான் ஜிம்மின் முழுநேர வேலை, விற்பனை அப்புறம்தான். மைக்கேலின் பேச்சிலிருந்து இன்றுதான் கடைசி நாள் என்று ஊகித்துவிடுகிறார். ஆனால் உடைத்துச் சொல்வதில்லை. நாளை மதியம் சாப்பிடப் போகும்போது நீங்கள் எவ்வளவு நல்ல மேனேஜராக அமைந்தீர்கள் என்று சொல்கிறேன் என்கிறார். அந்த நாளை வராது என்பது இருவருக்கும் தெரியும். எதிர்காலத்தில் சொல்லப்போவதாகச் சொல்லி இப்போதே சொல்லிவிடுகிற உத்தி. ஜிம்மாக நடித்த கிராசின்ஸ்கி, கரெல் இருவர் கண்களும் நிறைந்திருக்கின்றன, வசனம் மட்டும் இயல்பாக ஓடுகிறது. எபிசோடின் உச்சம் விமான நிலையம் என்பார்கள் பலர். எங்கள் கட்சி இந்தக் காட்சி.

விமான நிலையத்தில் பாமும் மைக்கேலும் பேசுவது ஏன் கேட்பதில்லை?

இதற்கு முதலில் தொடரின் விதியைப் புரிந்துகொள்ள வேண்டும். 'தி ஆபீஸ்' ஓர் ஆவணப்படம் போல எடுக்கப்பட்டது. பின்னணிச் சிரிப்பொலி கிடையாது. கேமராமேன் கதைக்குள் இருக்கும் ஆள், கதவிடுக்கிலும் ஜன்னல் திரைவழியாகவும் எட்டிப்பார்ப்பார். ஊழியர்கள் சட்டைக்குள் மைக் மாட்டியிருக்கிறார்கள். மைக் இருந்தால் தூரத்திலிருந்தும் பேச்சு கேட்கும், இல்லையென்றால் கேட்காது.

பாதுகாப்புச் சோதனைக்கு முன் மைக்கேல் தன் சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றிப் படக்குழுவிடம் கொடுக்கிறார். இந்தப் படம் எப்போதாவது வெளியானால் சொல்லுங்கள் என்கிறார். கழற்றிய பிறகும் உதடுகள் அசைகின்றன, அவருடைய பழைய இரட்டை அர்த்த ஜோக்கைத்தான் சொல்கிறார், நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பிறகுதான் பாம் ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். மைக் இல்லை, ஆகவே ஒலி இல்லை. விதியை மீறாமல் அதே விதியால் நெஞ்சைத் தொட்டிருக்கிறார்கள். யாராவது கவனிக்க வேண்டும் என்று ஏங்கியவர், யாரும் கேட்காத ஓர் உரையாடலை வைத்துக்கொள்கிறார்.

அந்த நேரத்தில் கரெலிடம் உண்மையிலேயே விடைபெற்றதாக, பாமாக நடித்த ஜென்னா ஃபிஷர் பின்னர் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்த வசனம் அல்ல, எதற்கெல்லாம் அவரை நினைத்து ஏங்கப்போகிறேன் என்று சொன்னாராம்.

வில் ஃபெரல் பாத்திரம் எதற்கு? பலருக்கும் பிடிக்கவில்லையே?

ஃபெரல் நடித்த புதிய மேனேஜர் டியாஞ்சலோ விக்கர்ஸ் நான்கு எபிசோடுகளில் வருகிறார். 'டிரெய்னிங் டே' தொடங்கி 'தி இன்னர் சர்க்கிள்' வரை. நோக்கம் புரிகிறது: நாயகன் போகும் வாரங்களில் ஒரு பெரிய நட்சத்திரம் உள்ளே இருந்தால் பார்வையாளர்கள் அடுத்த வாரமும் வருவார்கள். மைக்கேலுக்குப் பொறுப்பை ஒப்படைக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

சிக்கல், அந்தப் பாத்திரத்துக்கு ஒரே குணம் இல்லை. ஒரு வாரம் மேடை நடுக்கம், அடுத்த வாரம் கேக்கைப் பார்த்துத் தடுமாற்றம், அதற்கடுத்த வாரம் பெண்களை ஒதுக்குகிற முதலாளி. கடைசியில் கூடைப்பந்து வளையத்தில் தொங்கப்போய் கம்பமே மேலே விழுந்து மருத்துவமனைக்குப் போகிறார், கதை முடிந்தது. விடைபெறும் எபிசோடிலும் அவருடைய காட்சிகள் மட்டும் ஒட்டாமல் நிற்கும். இரண்டாம் முறை பார்ப்பவர்கள் அவற்றை ஓட்டிவிடலாம், ஒன்றும் குறையாது.

சீசன் முடிவிலேயே அனுப்பியிருக்கலாமே? ஏன் நான்கு எபிசோடுகளுக்கு முன்பே?

சீசனின் கடைசி நாளில் அனுப்பினால் பார்வையாளர்கள் கோடை முழுக்க, இனி என்ன இருக்கிறது என்ற கேள்வியோடு இருப்பார்கள். மூன்று வாரம் முன்பே அனுப்பிவிட்டு, அவர் இல்லாத அலுவலகமும் நடக்கும் என்று காட்டப் பார்த்தார்கள். காகிதத்தில் சரியான யோசனை. ஆனால் ஒரு மணி நேர இறுதி எபிசோடான 'சர்ச் கமிட்டி'யில் ஜிம் கேரி, ரே ரோமானோ, வில் ஆர்னெட், கேத்தரின் டேட், ஜேம்ஸ் ஸ்பேடர், முதலீட்டாளர் வாரன் பஃபெட் வரை நேர்காணலுக்கு வந்தார்கள். யார் மேனேஜர் என்று சொல்லாமலே சீசன் முடிந்தது. புதிய நாயகனை நிலைநிறுத்தும் எபிசோடு விருந்தினர் வரிசையாகப் போனது.

மைக்கேல் போன பிறகு எங்கே சறுக்கியது?

எட்டாவது சீசனில் ராபர்ட் கலிஃபோர்னியாவாக ஸ்பேடர் வந்தார். மேனேஜராக வந்தவர் அன்றே மேலிடத்தைப் பேசி மயக்கித் தலைமை நிர்வாகியாகிவிட்டார் என்பது கதை. ஸ்க்ராண்டன் மேனேஜராக ஆண்டி. நடித்த எட் ஹெல்ம்ஸ் திரைப்படங்களால் அப்போது பெரிய பெயர் பெற்றிருந்தார்.

ஆண்டியும் எல்லோரும் தன்னை விரும்ப வேண்டும் என்று ஏங்குபவர்தான். அதாவது மைக்கேலின் அதே பசி, இன்னும் நீர்த்த வடிவத்தில். அதோடு ராபர்ட் கலிஃபோர்னியா யாருக்கும் அஞ்சாத, எதற்கும் ஏங்காத மனிதர். ஒருவர் நகல், இன்னொருவர் பசியே இல்லாதவர். இருவராலும் அந்த அலுவலகத்தை இழுக்க முடியவில்லை. ஒன்பதாவது சீசனில் ஹெல்ம்ஸுக்குத் திரைப்படப் படப்பிடிப்பு இருந்ததால் ஆண்டியை மூன்று மாதம் படகில் அனுப்பினார்கள். காதலியையும் வேலையையும் விட்டுப் போனவர் மேல் யாருக்கும் பரிவு மிஞ்சவில்லை.

டுவைட்டை முதலிலேயே மேனேஜராக்கியிருக்க வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆசை நிறைவேறிவிட்டால் டுவைட்டின் கதையும் முடிந்துவிடும். அவருக்கு அந்த நாற்காலி ஒன்பதாவது சீசனின் கடைசியில் கிடைத்ததுதான் சரி.

அப்படியானால் 8, 9 சீசன்களைப் பார்க்கலாமா, விடலாமா?

எட்டாவதை விருப்பம்போல். ஒன்பதாவதுக்கு கிரெக் டேனியல்ஸ் பொறுப்புக்குத் திரும்பினார். அதன் பிற்பாதியையும் இறுதி எபிசோடையும் பாருங்கள். இறுதி எபிசோடைப் பார்த்தவர்கள் சுமார் 57 லட்சம் பேர். முந்தைய சீசனின் சரிவோடு ஒப்பிட்டால் நல்ல மீட்சி.

மைக்கேல் மறுபடி வருகிறாரா?

வருகிறார், 2013 இறுதி எபிசோடில், டுவைட்டின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக. ஜிம் வைத்திருந்த ஆச்சரியம் அது. மைக்கேலின் கதை முடிந்துவிட்டது, இது மற்றவர்களின் முடிவு, அதைத் தான் மறைக்கக்கூடாது என்று கரெல் முதலில் தயங்கினார். ஆகவே மிகச் சில வரிகள் மட்டும். வரவில்லை என்று குழுவினர் ஊடகங்களிடம் சாதித்தார்கள். கொலராடோவில் அவருக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பது பாம் சொல்லித்தான் தெரிகிறது. அவர்களுடைய படங்கள் அவ்வளவு இருப்பதால் தனியாக இன்னொரு கைப்பேசி எண்ணே வாங்கியிருக்கிறாராம்.

கரெலுக்கு இதற்காக எம்மி தொலைக்காட்சி விருது கிடைத்ததா?

இல்லை. மைக்கேல் ஸ்காட்டாக ஆறு முறை சிறந்த நகைச்சுவை நடிகருக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒருமுறையும் வெல்லவில்லை. 2011-ல் ஜிம் பார்சன்ஸ் வென்றார். 'குட்பை, மைக்கேல்' எழுத்துக்காக டேனியல்ஸ் பரிந்துரைக்கப்பட்டார், அதுவும் கிடைக்கவில்லை. 2006-ல் கரெல் வாங்கிய கோல்டன் குளோப் ஒன்றுதான் ஆறுதல்.

பிரிட்டிஷ் மூலத்தில் டேவிட் பிரென்ட் எப்படிப் போனார்?

ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் உருவாக்கிய மூலத்தில் 12 எபிசோடுகளும் ஒரு கிறிஸ்மஸ் சிறப்பும்தான். அதில் மேனேஜரான பிரென்ட் வேலை இழக்கிறார், இருக்க விடுங்கள் என்று கெஞ்சுகிறார். பார்க்கவே சங்கடமான காட்சி. ஆறு மணி நேரக் கதைக்கு அந்தக் கசப்பு பொருந்தும், ஏழு ஆண்டு பழகிய மனிதருக்குப் பொருந்தாது. இருவரும் ஒருமுறை நேரில் சந்திக்கிறார்கள்: 2011 ஜனவரி 27 அன்று வந்த 'தி செமினார்' எபிசோடின் தொடக்கத்தில், லிஃப்ட் வாசலில். ஒரு நிமிடத்தில் நண்பர்களாகிவிடுகிறார்கள்.

பணியிடத்தில் நடக்கும் மற்ற நகைச்சுவைத் தொடர்கள் இதை எப்படிக் கையாண்டன?

கொரியப் போரின் ராணுவ மருத்துவமனையில் நடக்கும் 'மேஷ்' தொடரில் கர்னல் ஹென்றி பிளேக் ஊருக்குக் கிளம்பி, 1975 மார்ச்சில் வந்த எபிசோடின் கடைசிக் காட்சியில் விமானம் சுடப்பட்டு இறந்தார் என்று செய்தி வரும். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பெரும்பாலான நடிகர்களிடம் முன்கூட்டியே காட்டவில்லை. 'சியர்ஸ்' 1987-ல் நாயகி ஷெல்லி லாங்கை இழந்தும் 1993 வரை ஓடியது. புதிதாக வந்த கிர்ஸ்டி ஆலியை அதே பாத்திரத்தின் நகலாக ஆக்காமல், மதுக்கடையின் மேலாளராக வேறு வேலை கொடுத்ததுதான் காரணம். 'சூப்பர்ஸ்டோர்' தொடரில் நாயகி அமெரிக்கா ஃபெரேராவின் விடைபெறுதல் 2020 வசந்தத்தில் எடுக்கவேண்டியது. கொரோனாவால் படப்பிடிப்பு நின்று அடுத்த சீசனின் இரண்டாவது எபிசோடுக்குத் தள்ளிப்போனது, வேகமும் போய்விட்டது. அந்த சீசனோடு தொடர் முடிந்தது.

வெப் சீரிஸ் எழுதுகிறோம், நாயகன் பாதியில் போகிறார். இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

பாத்திரத்துக்கு முதல் நாளிலிருந்து என்ன வேண்டும் என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அது நிறைவேறினால்தான் அவர் போக முடியும். நிறைவேற்றக் குறைந்தது ஏழெட்டு எபிசோடு ஒதுக்குங்கள், 'தி ஆபீஸ்' ஹாலி திரும்பியதிலிருந்து நாலரை மாதம் எடுத்துக்கொண்டது. கூட்ட விடைபெறுதலையும் தனி விடைபெறுதலையும் வெவ்வேறு எபிசோடில் வையுங்கள். முக்கியமான உறவுகளில் ஒருவருக்கு உண்மை தெரியட்டும், ஒருவர் தவறவிடும் நிலைக்கு வரட்டும், மற்றவர்களுக்குத் தெரியவே வேண்டாம். பிரபல விருந்தினரை அதே வாரத்தில் நுழைக்காதீர்கள். காலியான நாற்காலியில் அதே ஏக்கம் உள்ள இன்னொருவரை உட்காரவைக்காதீர்கள். நாற்காலி சில காலம் காலியாகவே இருந்தாலும் தப்பில்லை.

இந்தியாவில் எடுத்தார்களா? தொடர்ச்சி ஏதும் உண்டா?

2019-ல் ஹாட்ஸ்டாரில் இந்தி வடிவம் வந்தது. ஃபரிதாபாத்திலுள்ள வில்கின்ஸ் சாவ்லா காகித நிறுவனம், மேலாளர் ஜகதீப் சட்டாவாக முகுல் சட்டா. விடைபெறும் கட்டம் வரை அது போகவில்லை. அமெரிக்காவில் 2025 செப்டம்பரில் 'தி பேப்பர்' பீகாக் தளத்தில் வந்தது. அதே ஆவணப்படக் குழு இப்போது ஒஹையோவின் டொலீடோ நகரிலுள்ள ஒரு செய்தித்தாள் அலுவலகத்தைப் படமெடுக்கிறது. பழைய ஊழியர்களில் ஆஸ்கர் அங்கே கணக்குப் பார்க்கிறார். கேமராக்காரர்கள் மறுபடி வந்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குத் துளியும் மகிழ்ச்சி இல்லை.